ஓய்வுக்குப் பிறகு முதல் ஜனவரி: ஆண்டை விடுங்கள், வாரத்தைப் பிடியுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சில மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றவர். மனைவி இன்னும் வேலைக்குப் போகிறார். புத்தாண்டுக்குப் புது டைரி வாங்கி, முதல் பக்கத்தில் தீர்மானங்களை வரிசையாக எழுதியிருக்கிறார். ஜனவரி பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன, காலையில் எழுந்தால் என்ன கிழமை என்றே தெரியவில்லை, டைரியில் எழுத ஒன்றும் இல்லை என்கிறார். மணிவாரியாக ஒரு அட்டவணை போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமா என்பது அவர் கேள்வி.

அட்டவணை வேண்டாம். போட்டால் ஒரு வாரம் ஓடும், அப்புறம் அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். வேலையில் இருந்தபோது பத்து மணிக்குக் கூட்டம் என்றால் அங்கே நாலு பேர் உங்களுக்காகக் காத்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பத்து மணிக்கு இருந்த மரியாதை அவர்களால் வந்தது. நீங்களே எழுதி நீங்களே சுவரில் ஒட்டிய பத்து மணி தாண்டிப் போனால் கேட்பதற்கு யாரும் இல்லை. தீர்மானங்களுக்கும் இதே கதிதான். தினமும் நடப்பேன், புது மொழி கற்றுக்கொள்வேன், பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்துவேன் எல்லாம் நல்ல ஆசைகள். ஆனால் எதற்கும் கிழமை இல்லை, எதற்கும் எதிரே ஓர் ஆள் இல்லை.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் விஷயமே. கிழமை தெரியவில்லை என்றீர்களே, அது. வேலையை விட்டதால் நாள் எங்கும் போய்விடவில்லை, விடிகிறது, இருட்டுகிறது. ஆண்டும் பத்திரமாகத்தான் இருக்கிறது. காணாமல் போனது இரண்டுக்கும் நடுவில் இருந்த வாரம். திங்கள் காலைப் பரபரப்பு, புதன்கிழமை வந்தால் 'பாதி தாண்டியாச்சு' என்ற கணக்கு, வெள்ளி மாலையின் குஷி, ஞாயிறு சாயந்திரம் வயிற்றில் வரும் லேசான கலக்கம். இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துக் காட்டின. ஓய்வுக்குப் பிறகு பல வீடுகளில் கிழமை சொல்லும் ஒரே பொருள் ஏழு அறை மாத்திரை டப்பா. செவ்வாய் அறை காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் இன்று புதன் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நேற்றைய மாத்திரையை மறந்திருந்தால் அந்தக் கணக்கும் தப்பு.

வாரம் ஒரு விசித்திரமான அளவு. நாள் பூமி சுழல்வதால் வருகிறது, மாதத்துக்கு நிலா, ஆண்டுக்குச் சூரியன். வாரத்துக்கு வானத்தில் ஆதாரமே கிடையாது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வாழ்வதற்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதனாலேயே அதை மாற்றிப் பார்க்கலாம் என்று சில அரசுகளுக்குத் தோன்றியிருக்கிறது. புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸ் 1793-ல் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. 1806 பிறக்கும்போது அந்த நாட்காட்டியே ஒழிந்துபோனது.

உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது சோவியத் ஒன்றியத்தில் நடந்தது. 1929-ல் அங்கே ஐந்து நாள் வாரம் என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு வேறு நாளில் விடுமுறை விட்டார்கள். இயந்திரங்கள் ஒருநாளும் நிற்காது என்பது திட்டம். ஏழு நாளுக்கு ஒருமுறை வந்த விடுமுறை ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்தது, காகிதத்தில் பார்த்தால் ஜனங்களுக்கு லாபம்தான். ஆனால் கணவனுக்கு ஒரு நாள் லீவு, மனைவிக்கு வேறொரு நாள். நண்பனுக்கு இன்னொரு நாள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வரும் விடுமுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற புகார் சீக்கிரமே எழுந்தது. 1931-ல் அதை ஆறு நாள் வாரமாக மாற்றினார்கள், 1940-ல் பழைய ஏழு நாளுக்கே திரும்பினார்கள்.

ஓய்வு பெற்று, மனைவி வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தொழிலாளியின் நிலையில்தான் இருக்கிறார். லீவு நிறைய இருக்கிறது, கூட ஆள் இல்லை.

இதை எண்களாலும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ்டோபல் யங், சேயூன் லிம் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்துச் செய்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு சனி, ஞாயிறு மனநிலை மேலே போகிறது, திங்கள் கீழே வருகிறது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வேலை இல்லாதவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே ஏற்ற இறக்கம் இருந்ததுதான் ஆச்சரியம். அவர்களுக்கு ஏழு நாளும் விடுமுறை, ஆனாலும் மற்றவர்களுக்கு விடுமுறை வரும்போதுதான் அவர்களுக்கும் நன்றாக இருக்கிறது. நேரம் மட்டும் கையில் இருந்தால் போதாது, அதே நேரம் இன்னொருவர் கையிலும் இருக்க வேண்டும் என்று ஆகிறது.

இன்னொரு பழைய ஆய்வையும் சொல்ல வேண்டும். ஓய்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்துவிடும். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில், மரியன்தால் என்று ஓர் ஊர். ஊரே ஒரு நெசவு ஆலையை நம்பி இருந்தது. 1929, 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டு ஊர் மொத்தமும் வேலை இழந்தது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்கே போய் ஆராய்ந்து 1933-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். வறுமையைப் பற்றி எழுதியதைவிட நேரத்தைப் பற்றி எழுதியதுதான் அதில் பிரபலம். நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்குக் கட்டணமே இல்லை என்று ஆக்கிய பிறகும், எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது. படிக்க நேரம் இல்லாமல் உழைத்தபோது படித்தவர்கள், நாள் முழுக்க நேரம் கிடைத்தபோது படிக்கவில்லை. ஆய்வாளர்கள் ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து, பிரதான தெருவில் போகிறவர்களின் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடு நடுவே நின்றார்கள். பெண்கள் அவர்களைவிட வேகமாகப் போனார்கள், ஏனென்றால் சமையல், குழந்தைகள், துவைப்பு என்று அவர்கள் நாளுக்கு இன்னும் ஓர் உருவம் இருந்தது. நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னால், ஆண்களால் எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிரப் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. உங்கள் டைரி காலியாக இருப்பதும் இந்த வகைதான்.

மாதாமாதம் ஓய்வூதியம் வரும் ஒருவரை அந்தப் பட்டினிக் கிராமத்தோடு ஒப்பிடுவது முழுக்க நியாயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே யஹோடா பிற்காலத்தில் ஒரு கணக்குச் சொன்னார். வேலை நமக்குச் சம்பளத்தைத் தவிர ஐந்து விஷயங்களைச் சத்தமில்லாமல் தருகிறது: நேரத்துக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் பங்கு, 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம், எழுந்து இயங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம். ஓய்வூதியம் சம்பளத்துக்கு மட்டும்தான் ஈடு. மற்ற ஐந்தும் உங்களுக்கு மாலை போட்டு விடைகொடுத்த அந்தக் கூட்டத்தோடு முடிந்துபோகின்றன, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

அதனால் ஆண்டுக்கான தீர்மானப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஜனவரி 1 என்பதே ஒரு வகையில் அலுவலகக்காரர்கள் சமாச்சாரம். ரோமானியக் குடியரசில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் கான்சல்கள் கி.மு. 153 முதல் அன்றுதான் பதவியேற்றார்கள், ஆண்டும் அவர்கள் பெயரால்தான் அழைக்கப்பட்டது. பதவியை இறக்கி வைத்தவருக்கு அந்தத் தேதி அவ்வளவு முக்கியம் இல்லை. புதுத் தொடக்கம் என்ற உற்சாகம் ஜனவரி 1-க்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி இணையத்தில் தேடுவதும் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போவதும் ஆண்டின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் மாதத் தொடக்கத்திலும் வாரத் தொடக்கத்திலும் கூடியது தெரிந்தது. உங்களுக்கு வருஷத்தில் 52 திங்கட்கிழமைகள் இருக்கின்றன. ஜனவரி பாதி போய்விட்டதே என்று வருந்த ஒன்றும் இல்லை.

சரி, வாரத்தை எப்படித் திரும்பக் கட்டுவது? கூடாரத்துக்கு முளை அடிப்பதுபோல இரண்டு மூன்று இடங்களில் மட்டும் அழுத்தமாக அடித்துவிட்டு மற்றதைத் தளர்வாக விட வேண்டும். நான் முளை என்று சொல்வதற்குச் சில லட்சணங்கள் உண்டு. குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நேரம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வராவிட்டால் 'ஏன் வரவில்லை' என்று கேட்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். தனியாகப் பூங்காவைச் சுற்றி வருவது நல்ல பழக்கம், ஆனால் முளை ஆகாது. அதே நடைக்கு ஒவ்வொரு திங்களும் வியாழனும் ஆறு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நிற்பார் என்றால் ஆகும்.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் காலம் முழுக்க இருந்தவர், பேச்சு குறைவு. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்குப் பாடப்புத்தகம் வாசித்துக் காட்டப் போகிறார். வரலாற்றுப் புத்தகம். இவருக்கும் வரலாற்றுக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. செவ்வாய் மாலை உட்கார்ந்து அடுத்த நாள் வாசிக்க வேண்டிய பக்கங்களை ஒருமுறை புரட்டுகிறார், வாயில் நுழையாத பெயர்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, எங்கே மூச்சு விடுவது என்று சின்னச் சின்னக் கோடு வைக்கிறார். அடிக்குறிப்பு எதையாவது தாண்டிவிட்டால் மாணவர் கண்டுபிடித்துவிடுவாராம். 'சார், மேலே ஒரு எண் சொன்னீங்களே, அதுக்குக் கீழே என்ன போட்டிருக்கு?' என்று கேட்பாராம். வியாழக்கிழமை அந்தப் பாடத்தில் வந்த ஏதாவது ஒரு ராஜாவைப் பற்றி நம்மிடம் வந்து சொல்லிக்கொண்டு இருப்பார். கணக்குப் பாருங்கள்: போவது ஒரே ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஆனால் செவ்வாய், புதன், வியாழன் மூன்றுக்கும் முகம் வந்துவிட்டது. ஒருமுறை சளி என்று போகவில்லை. பத்தேகாலுக்குப் போன் வந்துவிட்டது, 'சார், உடம்பு எப்படி இருக்கு?' என்று. அதை என்னிடம் சொன்னபோது புகார் சொல்வதுபோலத்தான் சொன்னார். முகத்தில் புகார் இல்லை.

உங்களுக்கு என்ன முளை என்பதை நான் சொல்ல முடியாது. ஒரு யோசனை மட்டும். மூன்றும் ஒரே ரகமாக இருக்க வேண்டாம். ஒன்று உடம்புக்கு, ஒன்று யாருக்காவது பயன்படுவதற்கு, இன்னொன்று நீங்கள் அ, ஆவிலிருந்து தொடங்கும் எதுவாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். பல வருஷம் அனுபவசாலியாக, மற்றவர் வந்து கேட்கும் இடத்தில் இருந்தவருக்கு, பதினேழு வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து 'விரலை இப்படி வைங்க' என்று சொல்லித்தருவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. நாள் நகர மாட்டேன் என்கிறது, மாதமோ பறக்கிறது என்று ஓய்வு பெற்றவர்கள் அடிக்கடி சொல்வார்கள். வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதை எழுதிவைத்தார்: புது அனுபவங்கள் நிறைந்த காலம் நடக்கும்போது சுருக்கமாகவும், திரும்பிப் பார்க்கும்போது நீளமாகவும் தெரியும், வெறுமையான காலம் இதற்கு நேர் எதிர். போன மாதம் பறந்துவிட்டதாகத் தோன்றினால், அதில் நினைவில் நிற்க ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் மாதம் அப்படிக் காணாமல் போகாது.

உடம்பு விஷயத்தைப் பொறுத்தவரை, மருத்துவ உலகமே வாரக் கணக்கில்தான் பேசுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. இதை எல்லோரும் நடைப்பயிற்சியாக எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வழிகாட்டுதல் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலு தரும் பயிற்சியும், குறைந்தது மூன்று நாள் உடலின் சமநிலையைக் காக்கும் பயிற்சியும் வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. வயதானவர்களை முடக்கிப் போடும் முக்கியமான காரணங்களில் ஒன்று கீழே விழுவது. நடை மட்டும் அதைத் தடுக்காது. ஒற்றைக் காலில் நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது மாதிரியான சின்னச் சின்னப் பயிற்சிகள் வேண்டும். ஆரம்பத்தில் பிடித்துக்கொள்ளச் சுவரோ மேசையோ பக்கத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே தலைசுற்றலோ மூட்டு வலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பழக்கம் வர எத்தனை நாள் ஆகும் என்ற கேள்வி உடனே வரும். 21 நாள் என்று யாரோ எங்கோ சொல்ல, அது ஊரெல்லாம் சுற்றுகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணிபுரிந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது. ஒரு செயல் தானாக வரும் நிலைக்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம், 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே இரண்டாம் வாரத்திலேயே 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று கைகழுவுவது அவசரம்.

தூக்கத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: எழும் நேரத்தை மாற்றாதீர்கள். வயதாக ஆக உடம்பின் கடிகாரம் சற்று முன்னால் நகர்வது இயல்பு, சீக்கிரம் தூக்கம் வரும், சீக்கிரம் விழிப்பும் வரும். பிரச்சினை பண்ணுவது பகல் தூக்கம்தான். அரை மணிக்குள் என்றால் தெம்பு. இரண்டு மணி நேரம் போனால் ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

முளைகள் அடித்துவிட்டால் இன்னொரு தொல்லையும் தீரும். ஓய்வு பெற்றவர் காதில் அதிகம் விழும் வாக்கியம் 'சும்மாதானே இருக்கீங்க'. உறவில் யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா, வரிசையில் நின்று ஏதாவது வாங்க வேண்டுமா, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா, முதலில் உங்கள் பெயர்தான் வரும். இதெல்லாம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பேரக்குழந்தையோடு இருப்பதைவிடச் சுகம் வேறு என்ன. ஆனால் உங்கள் நேரத்துக்கு எல்லையே இல்லை என்று மற்றவர்கள் நினைக்கத் தொடங்கினால், நாளடைவில் உங்களுக்கும் அப்படியே தோன்றிவிடும். 'செவ்வாய் எனக்கு வேலை இருக்கு, வியாழன் வரேன்' என்று சொல்லக் கிடைக்கும் அந்த ஒரு வாக்கியம் சின்ன விஷயம் இல்லை. காரணம் சொல்லவே தேவையில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வதானாலும் இந்தக் கிழமை, இந்த நேரம் என்று நிர்ணயம் செய்துகொண்டால் அதுவும் ஒரு முளையாகிவிடும். பிள்ளைகளுக்கும் திட்டமிட வசதி.

இனி வீடு. மனைவி வேலைக்குப் போகிறார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் உங்கள் கேள்வியில் பாதி அங்கேதான் இருக்கிறது. பகல் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்தவர், மாலை ஆறரைக்குக் கதவு திறந்ததும் அன்றைய பேச்சு மொத்தத்தையும் அவர்மேல் கொட்டுவார். அவரோ பகல் முழுக்கப் பேசிக் களைத்து, பத்து நிமிஷம் யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்று வந்திருப்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, ஆனால் தினமும் சின்னதாக ஓர் உரசல். முளைகள் அந்தப் பேச்சைப் பகலிலேயே கொஞ்சம் செலவழிக்கும்.

வீட்டு வேலையில் 'உதவி' செய்யாதீர்கள். உதவி என்றால் பொறுப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று நினைவு வைத்துச் சொல்ல வேண்டியதும் அவர்தான். அதற்குப் பதில் ஒன்றிரண்டு வேலைகளை அடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். துணி என்றால் துணி முழுவதும்: அழுக்குக் கூடையைப் பார்ப்பது, துவைப்பது, உலர்த்துவது, மடித்து அவரவர் அலமாரியில் வைப்பது, சோப்புத்தூள் தீரும் முன் வாங்கி வைப்பது வரை. இரவுச் சமையல் என்றால் என்ன சமைப்பது என்று யோசிப்பதும் சேர்த்துத்தான். கூடவே ஒரு வேண்டுகோள்: அவர் பல வருஷமாக நடத்திவரும் சமையலறையில் போய், டப்பாக்களை இன்னும் திறமையாக அடுக்குவது எப்படி என்று நிர்வாகம் செய்யத் தொடங்காதீர்கள். ஓய்வு பெற்ற மேலாளர்கள் எல்லோருக்கும் வரும் ஆசை அது.

சனி, ஞாயிறை உங்களுக்கும் சனி, ஞாயிறாகவே வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, பழுது பார்ப்பு, மருந்து, கட்டணம் கட்டுவது எல்லாவற்றையும் வார நாளில் முடித்துவிடுங்கள். வார இறுதியில் எழும் நேரத்தைத் தவிர மற்றதெல்லாம் மாறட்டும். மனைவிக்கும் நண்பர்களுக்கும் கிடைக்கும் நேரம் அதுதான், மேலே சொன்ன யங், லிம் ஆய்வின்படி உங்களுக்கு மனது நன்றாக இருக்கப்போகும் நேரமும் அதுதான். அந்த இரண்டு நாளில் தனியாகச் செய்யக்கூடிய எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் ஒரே ஒரு குறிப்பு. வருமானம் மாதாமாதம் வருகிறது, ஆனால் காப்பீடு, வரி, வீட்டுப் பராமரிப்பு, பயணம் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை திடீரென்று வந்து நிற்கும். இப்போதே அவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனியே எடுத்து வைத்துவிட்டால் பின்னால் மூச்சு முட்டாது. உயில், கணக்குகளில் வாரிசு நியமனம், முக்கியமான காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் ஆகியவற்றுக்கு இந்த மாதமே ஒரு பகல் ஒதுக்கி, மனைவியையும் உட்கார வைத்து முடித்துவிடுங்கள்.

நீங்கள் சோர்ந்து போயிருப்பது அசாதாரணம் ஒன்றும் இல்லை. சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1970-களிலேயே ஓய்வின் கட்டங்களை விவரித்தார். முதலில் தேனிலவு மாதிரி ஒரு காலம், அப்புறம் ஏமாற்றம், அப்புறம் வாழ்க்கையை மறுபடி அமைத்துக்கொள்வது, பிறகு ஒரு நிலைக்கு வருவது. எல்லோரும் இதே வரிசையில் போவதில்லை, ஆனால் சில மாதங்கள் கழித்து ஒரு சரிவு வருவது பலருக்கும் நடக்கிறது. ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான நேரம் மனச்சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, அதோடு தூக்கமும் பசியும் கெட்டுப்போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'ரிட்டயர் ஆனா இப்படித்தான் இருக்கும்' என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். அது குணப்படுத்தக்கூடிய நோய், அதற்கு மேலே சொன்ன எதுவும் மாற்று இல்லை.

எப்படித் தொடங்குவது என்றால், இந்த வாரம் ஒரே ஒரு முளை. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி தீர்மானப் பட்டியல் ஆகிவிடும். ஒன்று நிலைத்தபின் பிப்ரவரி கடைசியில் அடுத்ததைப் பாருங்கள். எங்கே போனாலும் முதலிலேயே 'மூன்று மாதம் வருகிறேன், அப்புறம் பேசிக்கொள்வோம்' என்று சொல்லிவிட்டுச் சேருங்கள். நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தவிக்க வேண்டியதில்லை, அவர்களுக்கும் உங்களை எடைபோட அவகாசம் கிடைக்கும். பிடிக்கவில்லை என்றால் தகவல் இல்லாமல் நின்றுவிடாதீர்கள். நேரில் போய், இன்ன வாரத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, உங்கள் இடத்துக்கு வருபவருக்கு வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தக் கிழமையையும் நேரத்தையும் மட்டும் காலியாக விடாமல், அதற்குள் வேறு ஏதாவது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.